சாணி வேண்டாம், தண்ணியும் கம்மி: மலைச்செடி மூணு வச்சுப் பாருங்க

வணக்கம் மக்களே. ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் புதுசா தோட்டம் போடுறவங்க நர்சரிக்குள்ள நுழைஞ்சதும் கை போறது பிகோனியா, ஜெரேனியம், பெட்டூனியா பக்கம்தான். வாங்குங்க, தப்பில்ல. ஆனா ஒரு உறைபனி ராத்திரி போதும், காலைல பிகோனியா இலை வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கும். நமக்குக் கை ராசி இல்லன்னு விட்டுடுறீங்க. கை ராசியெல்லாம் ஒண்ணுமில்லங்க, செடி இந்த ஊருது இல்ல, அவ்ளோதான்.

அதனால ஆறடிக்கு நாலடி இடம் மட்டும் மலையோட சொந்தச் செடிக்கு ஒதுக்குங்க. மூணே செடி. தவிட்டுப்பழம்: ரோஸ் கலர் பூ, கறுத்த பழம், சாப்பிடலாம். ஊசிக்கலா: மஞ்சள் பூக்கொத்து, பழத்துக்குக் குருவி வரும், முள்ளு மூணு மூணா இருக்கும். மூணாவது, புல்வெளி ஓரத்துல நிக்கிற மைசூர் ஹைப்பெரிகம். அதோட மஞ்சள் பூ அஞ்சு இதழும் காத்தாடி மாதிரி ஒரே பக்கமா திரும்பியிருக்கும். சோலைச்செடி வளர்க்குற நர்சரியில கேட்டு வாங்குங்க. காட்டுல போய் பிடுங்கினா குற்றம், அதுவும் போக வேர் அறுந்து வந்த செடி பெரும்பாலும் பிழைக்காது.

ஊட்டி பக்கம்னா ஜூன்ல மழை பிடிச்சதும் நடுங்க. கொடைக்கானலுக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பர்தான், அதனால செப்டம்பர் கடைசி. பள்ளமான இடம் வேண்டாம், பனி அங்கதான் இறங்கி நிக்கும்.

குழி ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலம். இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. மண்வெட்டியால வெட்டும்போது செம்மண் சுவர் வழவழன்னு இழுபட்டுடும். மழை பெஞ்சா குழி வாளி மாதிரி தண்ணிய பிடிச்சு வச்சுக்கும், வேர் அழுகிடும். கடப்பாறையால நாலு பக்கமும் அடியிலயும் குத்தி விடுங்க. பாக்கெட்ட கிழிச்சதும் வேரைப் பாருங்க. வட்டமா சுத்தியிருந்தா விரலால பிரிச்சு விடணும், இல்லன்னா அது உள்ளேயே சுத்திட்டு இருக்கும். தண்டு பாக்கெட்ல எந்த மட்டத்துல இருந்துச்சோ அதே மட்டம்தான். ஆழமா புதைச்சா தண்டு அழுகும். செடிக்குச் செடி மூணடி.

வெட்டின மண்ணையே திருப்பிப் போடுங்க, ரெண்டு கை இலைமக்கு சேர்த்தா போதும். கூடை கூடையா சாணி போட்டா தண்டு நீளமா கொழுத்து காத்துக்குச் சாயும், பூ குறையும். சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். நம்ம மண்ணு புளிப்பு மண்ணு, இந்தச் செடிங்க அதுக்குப் பழகினது. காய்ஞ்ச இலைய மூணு அங்குலம் மூடாக்கு போட்டு, தண்டைச் சுத்தி நாலு விரல் இடம் விடுங்க. கற்பூர மர (யூகலிப்டஸ்) இலைய மட்டும் தவிர்த்துடுங்க.

மழை நின்னதும் முதல் வருஷம் மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை, செடிக்கு அஞ்சு லிட்டர். பனிக்காலத்துல சாயங்காலம் பழைய சாக்கை குச்சி வச்சு, இலையில படாம கூடாரம் மாதிரி போடுங்க, காலைல எடுத்துடுங்க. காட்டுமாடு வர்ற தெருவா? ஊசிக்கலாவ வெளிப்பக்கமா வைங்க. முழுசா தடுக்கும்னு சொல்ல மாட்டேன், மிதிச்சுட்டும் போகும்.

குறிஞ்சி வைக்கலாமான்னு கேப்பீங்க. தாராளமா வைங்க. ஆனா 12 வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும், பூத்து விதைச்சதும் பட்டுப் போகும். 2018ல பூத்துச்சு, அடுத்து 2030. முதல் செடிக்கு அது சரிப்படாது.

தோட்டத்துல வெட்டின வெளிநாட்டுச் செடிய சுவருக்கு அந்தப் பக்கம் வீசாதீங்க. உண்ணிச்செடி அழகுக்குன்னு வந்ததுதான், இப்ப காடெல்லாம் அதான்.

பிப்ரவரியில செடி மொட்டையா, செத்த மாதிரி நிக்கலாம். உடனே பிடுங்கிடாதீங்க. தண்டுத் தோலை நகத்தால லேசா கீறுங்க. உள்ள பச்சையா, ஈரமா இருந்தா உயிர் இருக்கு. ஊசிக்கலா மட்டும் உள்ள மஞ்சளா இருக்கும், பயந்துடாதீங்க, அதோட கட்டையே அந்த நிறம்தான். நுனி மட்டும் கருகியிருந்தா ஈரம் தெரியுற இடம் வரைக்கும் வெட்டி விட்டு, கோடை மழை வரைக்கும் அப்படியே விட்டுடுங்க.