கோதிக் பெட்டி: 1490-ஆ, 1860-ஆ? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இடைக்கால ஐரோப்பியப் பேழைகளைப் பற்றிய சென்ற காணொளியைப் பார்த்த நேயர் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். கோதிக் என்பது கூர்வளைவுகளை அடையாளமாகக் கொண்ட இடைக்கால ஐரோப்பியக் கலைப் பாணி. ஏலப் பட்டியல்களில் 1490-ஐச் சேர்ந்த பெட்டியையும் கோதிக் என்கிறார்கள், 1860-ஐச் சேர்ந்ததையும் கோதிக் என்கிறார்கள். இரண்டிலும் தேவாலய ஜன்னலில் காணும் கூர்வளைவுகளே இருக்கும்போது எப்படிப் பிரித்தறிவது என்பது முதல் கேள்வி. அத்தகைய தந்தப் பேழை ஒன்றை வாங்கி இந்தியாவுக்குக் கொண்டு வரலாமா என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்: வளைவை வைத்து முடிவு செய்யாதீர்கள், பெட்டி என்ன வேலைக்காகச் செய்யப்பட்டது, அதன் பாகங்கள் எப்படி இணைக்கப்பட்டன என்று பாருங்கள்.

15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் செய்யப்பட்ட சிறிய பயணப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மரத்தால் செய்து, தோல் போர்த்தி, அதன் மேல் இரும்புப் பட்டைகளை நெருக்கமாக ஆணியடித்திருப்பார்கள். மூடி சற்றே வளைந்திருக்கும். இரு பக்கங்களிலும் இரும்பு வளையங்கள் இருக்கும். அவற்றில் வாரைக் கோத்துத் தோளிலோ சேணத்திலோ கட்டிக்கொண்டு போவார்கள். மூடியைத் திறந்தால், உட்புறத்தில் வண்ணம் தீட்டிய மரச்செதுக்கு அச்சுப் படம் ஒன்று ஒட்டியிருக்கும். பெரும்பாலும் பாரிஸில் அச்சான, கன்னி மரியாளையோ சிலுவைக் காட்சியையோ காட்டும் பக்திப் படம். பயணத்தில் இருப்பவர் பெட்டியைத் திறந்து வைத்து அதன் முன் செபிக்கலாம். அக்காலத்து அச்சுப் படங்கள் சில, இப்படி மூடிக்குள் ஒட்டப்பட்டிருந்ததால் மட்டுமே இன்றுவரை தப்பியிருக்கின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. அலங்காரம் இதில் ஏராளமாக இருக்கிறது. ஆனால் பூட்டும் பட்டையும் வளையமும் பெட்டியைக் காக்கின்றன, அழகு அவற்றின் மேல்தான் அமர்ந்திருக்கிறது.

ஓக் மரப் பேழைகளிலும் இதையே காணலாம். தொடக்கத்தில் கனத்த பலகைகளை நேரடியாக ஆணியடித்தார்கள். அகலப் பலகை காலப்போக்கில் சுருங்கி வெடித்தது. 15-ஆம் நூற்றாண்டில் சட்டமும் பலகையுமாகச் செய்யும் முறை பரவியது. சட்டத்தின் முனையை நாக்காகச் செதுக்கி அடுத்த கட்டையின் துளைக்குள் நுழைத்து மர முளையால் இறுக்கினார்கள். நடுப்பலகையை ஒட்டாமல் பள்ளத்தில் தளர்வாக விட்டதால், அது சுருங்கினாலும் வெடிக்கவில்லை. மடித்துவைத்த துணியைப் போலச் செதுக்கிய அழகிய பலகைகள் எல்லாம் இந்த முறையோடு வந்தவையே.

இனி 1860-க்கு வருவோம். 1749 முதல் ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் லண்டனை அடுத்த ட்விக்கன்ஹாமில் தம் ஸ்ட்ராபெரி ஹில் இல்லத்தைக் கோதிக் பாணியில் மாற்றியமைத்தார். அந்த நாட்டம் அடுத்த நூற்றாண்டில் பேரலையாயிற்று. அதன் தலைமகனான கட்டடக் கலைஞர் அகஸ்டஸ் பியூஜின், 1827-இல், பதினைந்து வயதிலேயே, வின்ட்சர் கோட்டைக்கு அறைகலன்கள் வரைந்து கொடுத்தவர். 1841-இல் வெளியிட்ட நூலில் அந்த வேலையையே அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். கட்டடத்துக்கு உரிய தாங்குவளைவுகளையும் கோபுர முனைகளையும் சாய்மஞ்சத்தில் ஒட்டுவது கோதிக் ஆகாது என்றும், அத்தகைய அறையில் சிறிது நேரம் இருந்தவர் காயமின்றி வெளியேறினால் அது அவருடைய அதிர்ஷ்டம் என்றும் எழுதினார். ஆகவே 19-ஆம் நூற்றாண்டில் கோதிக் பாணி மீண்டும் எழுந்த காலத்துப் பொருள்கள் எல்லாம் தரம் குறைந்தவை என்று நான் சொல்லமாட்டேன். 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியின் இடைக்காலக் கூடத்தில் வைக்கப்பட்ட பியூஜினின் படைப்புகள் முதல் தரமானவை.

நேயர் பார்த்த 1860-ஐச் சேர்ந்த பெட்டி, கடிதத் தாள் வைப்பதற்கான மேசைப் பெட்டியாகவே இருக்க வாய்ப்பு அதிகம். வால்நட் மரத்தின் மேலோ, இலங்கையிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் கப்பலேறிய, வரியோடிய கருங்காலி வகை மரத்தின் மேலோ, கூர்வளைவு வடிவில் வெட்டிய பித்தளைப் பட்டைகளைப் பதித்திருப்பார்கள். அந்தப் பட்டை எதையும் தாங்குவதில்லை. கழற்றிவிட்டாலும் பெட்டி அப்படியே நிற்கும்.

சோதிக்கும்போது முகப்பை விட்டுவிட்டு அடிப்பக்கத்தையும் உட்புறத்தையும் பாருங்கள். மரத்தில் வில் போன்ற ரம்பக் கோடுகள் தெரிந்தால் அது வட்ட ரம்பத்தால் அறுக்கப்பட்டது. பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டையோ அதற்குப் பிந்தைய காலத்தையோ சேர்ந்ததாகவே இருக்கும். கூர்முனையுள்ள இயந்திரத் திருகாணி 1840-களிலோ அதற்குப் பிறகோ வந்தது. உண்மையான பழைய இணைப்பில் மரம் சுருங்கியிருப்பதால் முளைகளின் தலை சற்றே வெளியே துருத்தும். நிறத்தையும் நம்பவேண்டாம், இடைக்காலப் பேழைகள் பல பளிச்சென்ற வண்ணமும் பொன்பூச்சும் பெற்றிருந்தவை, கரும்பழுப்புதான் கோதிக் நிறம் என்ற எண்ணம் பின்னால் வந்தது. பழைய பலகைகளைக் கொண்டு 19-ஆம் நூற்றாண்டில் புதிதாகச் சேர்த்த பேழைகளும் உண்டு. அவற்றில் செதுக்கு வேலை உண்மையானது, பெட்டி மட்டும் புதியது.

போலிகளையும் சொல்லியாகவேண்டும். லூயி மார்சி என்ற பெயரில் இயங்கிய இத்தாலியர் லூயிஜி பார்மெஜ்ஜியானி, 1890-களில் இடைக்காலப் பேழைகள், வாள்கள் என்று விற்ற போலிகளை லண்டனின் பெரிய அருங்காட்சியகமே வாங்கியிருக்கிறது. எனவே பொருளின் கைமாறிய வரலாற்றை ஆவணங்களுடன் கேட்டுப் பெறாமல் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு விடை: கூடாது. 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரிஸில் செதுக்கப்பட்ட தந்தப் பேழைகள், காதல் கோட்டை முற்றுகை என்ற கற்பனைக் காட்சியும் அலெக்சாண்டருக்குப் பாடம் சொல்லும் அரிஸ்டாட்டிலும் நிறைந்த அற்புதங்கள், யானைத் தந்தத்தால் ஆனவை. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தந்த வணிகத்துக்குத் தடை உள்ளது. பிரிட்டனிலும் 2018-இல் இயற்றிய தந்தச் சட்டம் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1918-க்கு முற்பட்ட, கலைமதிப்பு மிக மிக உயர்ந்த பொருள்களைச் சான்றிதழ் பெற்று விற்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே அங்கே உண்டு. அந்தப் பேழைகளைக் காண விரும்புவோர் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும், பால்டிமோரின் வால்டர்ஸ் கலை அருங்காட்சியகத்திலும் காணலாம்.