கொரியாவில் 'இங்கிலீஷ் கிண்டர்கார்டன்' டீச்சர் வேலை: ஏஜென்ட் சொல்லாத சமாசாரம்!

மூன்று வயசுக் குழந்தைக்கு நுழைவுத் தேர்வு. அதுவும் ஆங்கிலத்தில். அந்தத் தேர்வுக்குத் தயார் செய்ய தனியாக ஒரு டியூஷன். நான் கதை விடவில்லை. தென் கொரியாவில், சியோல் நகரின் தேச்சி-தோங் பக்கம் இதை '4 வயது கோசி' என்று கிண்டலாகச் சொல்கிறார்கள். கோசி என்பது பெரியவர்கள் அரசுப் பணிக்காக எழுதும் கடினமான தேர்வு.

[திரையில்: பல மாடிக் கடைக் கட்டடம், மேல்தளத்தில் வண்ணப் பலகை]

வணக்கம் மக்களே! "கிண்டர்கார்டன் ஆங்கில ஆசிரியர் தேவை, வீடு இலவசம், விமான டிக்கெட் இலவசம்" என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அந்த வேலை நிஜத்தில் எப்படி இருக்கும் என்பதுதான் இன்றைய வீடியோ.

முதலில் கொஞ்சம் சட்டம். சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஓட்டிவிடாதீர்கள். கொரியாவில் உண்மையான மழலையர் பள்ளிகள் 'நூரி' என்ற தேசியப் பாடத்திட்டத்தில் நடக்கின்றன. விளையாட்டுதான் பிரதானம், ஆங்கிலம் அதில் பாடமே இல்லை. ஆங்கிலம் வேண்டும் என்கிற பெற்றோர் போகும் இடம் 'ஹாக்வோன்', அதாவது தனியார் பயிற்சி மையமாகப் பதிவானது. பேச்சு வழக்கில் எல்லோரும் அதை மழலையர் பள்ளி என்பார்கள். பலகையில் அப்படிப் போட்டால் சட்டப்படி தப்பு! ஆக, நீங்கள் சேரப்போவது பள்ளியில் இல்லை, டியூஷன் சென்டரில். அதனால்தான் விசாவுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். சின்னக் குழந்தைகளைக் கவனிக்கும் பயிற்சி இருக்கிறதா என்று கேட்பதே இல்லை. எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

பணம்? கொரியக் கல்வி அமைச்சகம் 2024 இல் எடுத்த கணக்கெடுப்பில், இப்படி ஒரு இடத்துக்கு ஒரு குழந்தைக்கு ஆகும் சராசரி மாதச் செலவு 15 லட்சம் வோனுக்கு மேல். ஆசிரியர் சம்பளம் பெரும்பாலும் 20 லட்சத்துச் சொச்சத்தில் தொடங்கும். இரண்டு குழந்தைகளின் கட்டணம் உங்கள் சம்பளத்தைத் தாண்டிவிடுகிறது, வகுப்பிலோ பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். 2025 இல் அந்த நாட்டின் குறைந்தபட்ச மாதக் கூலியே 20.96 லட்சம் வோன். விளம்பரத்தில் எண்ணைப் பார்த்ததும் வாயைப் பிளக்காதீர்கள்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: வயசு!

பழைய கொரியக் கணக்கில், பிறந்த அன்றே ஒரு வயது. அப்புறம் பிறந்தநாளுக்கு வயது ஏறாது; ஜனவரி 1 வந்தால் ஊருக்கே மொத்தமாக ஏறும். டிசம்பர் 31 ராத்திரி பிறந்த குழந்தைக்கு மறுநாள் காலையில் இரண்டு வயது! கண்ணைக்கூட ஒழுங்காகத் திறந்திருக்காது. 2023 ஜூன் 28 முதல் சட்டம் உலகக் கணக்குக்கு மாறிவிட்டது. ஆனால் பேச்சில் பழைய கணக்கு போகவில்லை, வகுப்புப் பெயர்களிலும் போகவில்லை. மார்ச்சில் பள்ளி ஆண்டு தொடங்கும்போது '5 வயது வகுப்பு' என்று உங்களிடம் ஒப்படைப்பார்கள். உள்ளே போனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கே முடிந்திருக்காது. பாடத்திட்டத்தில் 'மூன்றெழுத்துச் சொற்களை வாசித்தல்' என்று இருக்கும். எதிரே நிற்கிற பிள்ளை பேன்ட் பட்டனைப் போட்டுவிடச் சொல்லிக் கெஞ்சும். ஆரம்பத்தில் சொன்ன '4 வயது' தேர்வு எழுதும் குழந்தையின் உண்மையான வயசு என்ன என்று இப்போது புரிகிறதா?

[திரையில்: வாசலில் வரிசையாகக் குட்டிச் செருப்புகள்]

வகுப்புக்குள் வெளிச்செருப்பு கிடையாது. சாப்பிட்டதும் எல்லோரும் வரிசையாகப் பல் தேய்ப்பார்கள். கெவின், எமிலி என்று ஆளுக்கொரு ஆங்கிலப் பெயர் இருக்கும், ஆனால் உங்களுக்குப் பெயரே கிடையாது, வெறும் "டீச்சர்!" யார் முதலில் போவது, கடைசி ஸ்டிக்கர் யாருக்கு என்ற சண்டையெல்லாம் 'காவி பாவி போ' போட்டால் தீர்ந்துவிடும். கல், காகிதம், கத்தரி விளையாட்டுதான். தோற்றவர் மறுபேச்சு பேசாமல் நகர்ந்துவிடுவார். பெரியவர்களின் மீட்டிங்குக்கு இதைக் கொண்டுவந்தால் நான் முதல் ஆளாக ஓட்டுப் போடுவேன்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை: குனியாதீர்கள். குழந்தைகள் ஆள்காட்டி விரல்களைச் சேர்த்து நீட்டி, உங்கள் பின்பக்கம் ஒரே குத்து! 'தோங்சிம்' என்று அதற்குப் பெயரே இருக்கிறது. சிரிக்காதீர்கள், வலிக்கும்.

சரி, முக்கியமான கேள்வி. நமக்குக் கிடைக்குமா? இந்த வேலைக்கான ஈ-2 விசா ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. இந்திய, இலங்கை, மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட் பட்டியலில் இல்லை. நீங்கள் ஆங்கிலத்தில் எவ்வளவு வெளுத்து வாங்கினாலும் சரி. 2010 இல் நடைமுறைக்கு வந்த இந்தியா-கொரியா பொருளாதார ஒப்பந்தத்தில் ஒரு சின்னக் கதவு உண்டு. ஆசிரியர் தகுதியுள்ள இந்தியர் அரசுப் பள்ளியில் ஆங்கிலத் துணை ஆசிரியராகலாம். ஹாக்வோனுக்கு அது செல்லாது. "டூரிஸ்ட் விசாவில் வாங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்று எந்த ஏஜென்டாவது சொன்னால், போனை வையுங்கள்.

அந்த ஏழு பாஸ்போர்ட்டில் ஒன்றை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஒரு வருஷம் முழுசாக முடித்தால், வேலையை விடும்போது குறைந்தது 30 நாள் சராசரிச் சம்பளம் தனியாகத் தர வேண்டும் என்பது கொரியச் சட்டம். அதைக் கொடுக்க மனசில்லாமல் பதினோராவது மாதத்தில் ஆளை அனுப்பிவிடும் முதலாளிகளைப் பற்றி ஆசிரியர்கள் புலம்பிக் கேட்டிருக்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அங்கே இப்போது வேலை செய்யும் ஆசிரியர் ஒருவரின் நம்பரைக் கேளுங்கள். தர மறுத்தால், அந்த இடம் வேண்டாம்.

ஜப்பான், தாய்லாந்து விதிகள் வேறு. அது வேண்டும் என்றால் உங்கள் பாஸ்போர்ட் எந்த நாடு என்பதையும் சேர்த்து கமெண்டில் போடுங்கள்.