கடைசிப் பாரம் இல்லாத புத்தகம்

(காரைக்குடியில் ஒரு நூலக வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும், முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கம்பனுக்கு 1939இல் விழா எடுக்கத் தொடங்கிய ஊர் இது. கம்பன் அடிப்பொடி சா. கணேசன் போட்டுக் கொடுத்த மேடையில் பேச்சுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் அலசுவார்கள், யாரும் எழுந்து போகமாட்டார்கள். அந்த ஊரில் மாயக்கதை, துப்பறியும் கதை, விஞ்ஞானக் கதை பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் எனக்கு வேண்டிய ஒருவர், "அதெல்லாம் ரயிலில் போகும்போது படிப்பது, அதில் பேச என்ன இருக்கிறது?" என்று கேட்டார். கம்பன் பாட்டுக்குக் கொடுக்கும் அதே கவனத்தை இந்தப் புத்தகங்களுக்கும் கொடுத்துப் படித்தவள் நான். அதனால் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

எங்கள் அப்பா ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் சாவியும் அவரிடம் இருந்தது. வீட்டுக்காரர்கள் எல்லாரும் வெளியூரில். வாரத்துக்கு ஒருநாள் போய்த் திறந்து, முகப்பிலிருந்து வளவு, இரண்டாம் கட்டு வரை கூட்டி, சாமி வீட்டில் விளக்கேற்றிவிட்டு வருவோம். இரண்டாம் கட்டில் ஓர் அறையில் தேக்குப் பெட்டி ஒன்று. உள்ளே பழைய கதைப் புத்தகங்கள். ஒரு தடவை கல்யாணத்துக்கு வந்திருந்த வீட்டு ஆச்சியிடம் பயந்து பயந்து கேட்டேன். "படிச்சிட்டு எடுத்த எடத்துலயே வச்சிரு ஆத்தா" என்றார்கள். அவ்வளவுதான். ஆத்தங்குடிக் கல் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அந்தப் பெட்டியையே படித்து முடித்தேன்.

அதில் ஒரு துப்பறியும் நாவல். அட்டை இல்லை. ஒரு ஜமீன்தார் தன் அறையில் செத்துக் கிடக்கிறார். சந்தேகப்பட ஐந்து பேர். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஐந்து பேரின் பெயரையும் எழுதி, யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார்கள் என்று கோடு போட்டு வைத்துக்கொண்டு படித்தேன். துப்பறிகிறவர் எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார். பக்கத்தைத் திருப்புகிறேன், கடைசிப் பாரத்தைக் காணவில்லை. பதினாறு பக்கம் கழன்று போய், தைத்த நூல் மட்டும் தொங்கியது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் என் நோட்டைப் பார்த்து நானே தீர்ப்பு எழுதினேன்: கொன்றவர் வைத்தியர்.

இருபது வருஷம் கழித்து மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதே நாவல் முழுசாகக் கிடைத்தது. நின்ற இடத்திலேயே கடைசிப் பதினாறு பக்கத்தைப் படித்தேன். கொன்றது ஜமீன்தாரின் இரட்டைப் பிறவித் தம்பியாம். ரங்கூனிலிருந்து ரகசியமாக வந்தவனாம். அதற்கு முன் அந்தப் புத்தகத்தில் அவனைப் பற்றி ஒரு வரி கிடையாது. அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இருபது வருஷம் வைத்தியர் மேல் பழியைப் போட்டு வைத்திருந்தேனே என்ற வருத்தமும் சேர்ந்துகொண்டது.

நம் பக்கத்தில் ஐந்தொகை என்று ஒரு சொல் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். வருஷக் கடைசியில் பேரேட்டில் உள்ள பற்றையும் வரவையும் எடுத்துப் போட்டால் இரண்டு பக்கமும் சரியாக நிற்க வேண்டும். இடித்தால் எங்கள் அப்பா சாப்பிட வரமாட்டார். "வராத பணத்தை வரவில் எழுதக் கூடாது" என்பார். அந்த நாவலாசிரியர் செய்தது அதுதான். கடைசி நாளில், எங்கிருந்தோ ஒரு தொகையைக் கொண்டுவந்து வரவில் எழுதிக் கணக்கை முடித்துவிட்டார்.

ஐந்தொகை இடிக்காத துப்பறியும் கதைக்கு என்னிடம் உடனே சொல்ல ஒரு பெயர் உண்டு. அகதா கிறிஸ்டி 1926இல் எழுதிய 'ரோஜர் அக்ராய்டின் கொலை'. அது வந்த காலத்திலேயே, இப்படி எழுதலாமா, இது வாசகரை ஏமாற்றுவது ஆகாதா என்று சண்டை நடந்தது. நான் முதல் தடவை படித்தபோது அந்தச் சண்டைக்காரர்கள் பக்கம்தான் இருந்தேன். அப்புறம் பென்சிலை எடுத்துக்கொண்டு இரண்டாம் தடவை படித்தேன். எல்லாம் நம் கண்முன்னாலேயே இருக்கிறது. பார்த்துவிட்டுத் தாண்டி வந்திருக்கிறோம், அவ்வளவுதான். கதையின் முடிவை இங்கே சொல்லமாட்டேன். படித்தவர்களும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

தமிழில் இந்த வகைக்கு வயது நூறுக்கு மேல். ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908இல் வந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல்களில் துப்பறிகிற திகம்பர சாமியாரை நம் பாட்டிமார்கள் சொந்தக்காரர் மாதிரி பேசுவார்கள். அப்புறம் தமிழ்வாணன். நம் தேவகோட்டைக்காரர். அவருடைய சங்கர்லால் தேநீர் குடித்தபடியே உலகம் முழுக்கப் போய்த் துப்பறிவார். ஹாங்காங், பெர்லின் என்று தலைப்பிலேயே ஊர் வரும். கடல் கடந்து கொண்டு விற்கப் போனவர்களின் கடிதத்துக்காகத் திண்ணையில் காத்திருந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்கள் என்னவாகக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். துப்பறியும் கணக்கு என்று பார்த்தால் சங்கர்லாலிடம் எனக்குக் குறை உண்டு. அவர் கண்டுபிடிப்பதைப் பல நேரம் நமக்குக் காட்டாமலேயே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் குட்டிக் குட்டி வாக்கியம், சுத்தமான தமிழ், அடுத்த அத்தியாயத்துக்கு இழுத்துக்கொண்டு போகும் வேகம், இந்த மூன்றுக்காக இன்றைக்கும் பத்து வயதுப் பிள்ளை கையில் அவரைத்தான் முதலில் கொடுப்பேன்.

சரி, மாயக்கதைக்கு வருகிறேன். மந்திரம் இருந்தால் எதுவும் நடக்கலாம், அதில் என்ன கணக்கு என்று நினைப்பவர்கள் வேதாளத்தை நினைத்துப் பாருங்கள். விக்கிரமாதித்தன் முருங்கை மரத்தில் ஏறி வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான். அது ஒரு கதை சொல்லி ஒரு கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்கே போய்விடும். இந்த இரண்டு விதிதான். இந்த இரண்டையும் மீறாமல் எத்தனை கதை! ஒருநாள் வேதாளம் சும்மா இறங்கி வந்திருந்தால், அம்புலிமாமாவை அடுத்த மாதம் யார் வாங்கியிருப்பார்கள்?

இந்த வகையில் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரியது மணிமேகலை. பள்ளிக்கூடத்தில் அதைச் சமய நூல் என்று சொல்லி, மனப்பாடப் பகுதியோடு முடித்துவிடுகிறார்கள். சாத்தனார் எழுதியிருக்கும் மாயக்கதையைப் பாருங்கள். வானில் பறக்கவும், வேற்று உருவம் எடுக்கவும், பசியை ஆற்றவும் அவளுக்கு மந்திரங்கள் கிடைக்கின்றன. கையில் அமுதசுரபி. அள்ள அள்ளக் குறையாது. அப்படி ஒரு பாத்திரத்தைக் கதைக்குள் கொண்டுவந்தால் கதை செத்துப்போக வேண்டும் இல்லையா? எல்லோருக்கும் சோறு கிடைத்துவிட்டால் அப்புறம் என்ன கதை? சாத்தனார் அதற்குத்தான் ஆபுத்திரனை வைத்தார்.

பாத்திரம் முதலில் அவனிடம் இருந்தது. மழை பெய்து நாடு செழித்துவிட்டது. சாப்பாடு வேண்டும் என்று கேட்க ஆள் இல்லை. பசித்தவர்கள் சாவக நாட்டில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். காற்று சரியில்லாமல் கப்பல் மணிபல்லவத்தில் நிற்க, அவன் கரையில் இறங்குகிறான். இறங்கியவன் ஏறிவிட்டான் என்று நினைத்து, ராத்திரியில் கப்பல் போய்விடுகிறது. மனிதரே இல்லாத தீவு. கையில் குறையாத சோறு. உலகத்து உயிரைக் காக்க வந்த பாத்திரத்தை வைத்துக்கொண்டு என் ஒருவன் உயிரை ஓம்புவதா, அதை நான் பொறுக்கமாட்டேன் என்கிறான். வருஷத்துக்கு ஒருநாள் மட்டும் வெளியே தோன்று என்று சொல்லிக் கோமுகிப் பொய்கையில் பாத்திரத்தை விட்டுவிட்டு, பட்டினி கிடந்தே உயிரை விடுகிறான்.

இந்த இடத்தை நான் எத்தனையோ தடவை படித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். குறையாத சோற்றை வைத்துக்கொண்டு ஒருவன் பட்டினியால் சாகிறான், அதில் மந்திரத்துக்கு ஒரு குறையும் இல்லை. வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால்தான் அந்தப் பாத்திரத்துக்கு அர்த்தம் என்பதை அவன் தன் உயிரைக் கொடுத்துக் காட்டுகிறான். நம் ஊரில் இந்தக் கதை எனக்கு இன்னும் கொஞ்சம் வலிக்கும். நூறு பேர் பந்தியில் உட்காரக் கட்டிய கூடத்தை நானும் அப்பாவும் மட்டும் கூட்டிவிட்டு வந்திருக்கிறோம்.

வெளிநாட்டு மாயக்கதைகளில் பலவற்றை நான் பாதியில் வைத்துவிட்டேன். ஐந்நூறு பக்கத்துக்கு வரைபடமும் ராஜவம்சமும்தான் இருக்கும், ஒருவருக்கும் பசிக்காது. ஆனால் அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எர்த்சீயின் மந்திரவாதி' என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த உலகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அது தெரிந்தவனுக்குத்தான் அதன்மேல் அதிகாரம். அதனால் மனதார நம்புகிறவர்களிடம் மட்டும்தான் தன் பெயரைச் சொல்வார்கள். இதை எனக்கு யாரும் விளக்கத் தேவைப்படவில்லை. எங்கள் அப்பத்தா கடைசிவரைக்கும் தாத்தாவின் பெயரைச் சொன்னதில்லை. கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது என்னை முன்னால் தள்ளி, "நீ சொல்லுடி" என்பார். ஒரு பெயருக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது அந்த வரிசையில் நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதிய ஒரு அம்மாவுக்கும் அது தெரிந்திருந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

விஞ்ஞானக் கதை. இதில் நம்மவர்கள் அடிக்கடி ஒன்று சொல்வார்கள்: சீவக சிந்தாமணியிலேயே விமானம் இருக்கிறது, நாம்தான் முதலில் கண்டுபிடித்தோம் என்று. எனக்கு அதில் சம்மதம் இல்லை. திருத்தக்கதேவரின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. கர்ப்பிணியான ராணி தப்பிப்பதற்காகச் சச்சந்தன் ஒரு மயிற்பொறி செய்யச் சொல்கிறான். தச்சன் துணி, நூல், அரக்கு, மெழுகு என்று பொருள்களைச் சேர்த்து ஏழு நாளில் செய்கிறான். விசையை ஒரு பக்கம் திருகினால் ஏறும், மறுபக்கம் திருகினால் இறங்கும். தெய்வம் கொடுத்த மயில் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். எதனால் செய்தது, எத்தனை நாள் ஆனது, எப்படி ஓட்டுவது என்று யோசித்திருக்கிறார் பாருங்கள், அந்த யோசனைதான் விஞ்ஞானக் கதைக்காரனின் புத்தி. அந்தப் பொறி ராணியைக் கொண்டுபோய் இறக்குவது சுடுகாட்டில். சீவகன் அங்கேதான் பிறக்கிறான்.

தமிழில் இந்த வகையை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தவர் சுஜாதா. 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பிள்ளை பெற அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. வயதானவர்களுக்குக் கெடு உண்டு. இவ்வளவும் நடக்கிற நாட்டில், ஜீனோ என்ற எந்திர நாய் புத்தகம் படித்துப் படித்து யோசிக்கக் கற்றுக்கொள்கிறது. சுஜாதா நிறைய விஞ்ஞானக் கதை எழுதினார். சிலவற்றில் கதையை நிறுத்தி வைத்துவிட்டுப் பாடம் நடத்துவார், அவை எனக்கு ஒட்டவில்லை. ஜீனோ ஒட்டியது. அங்கே மாறியிருப்பது எந்திரம் மட்டும் இல்லை, மனிதர்கள் எதற்கெல்லாம் தலையாட்டப் பழகிவிட்டார்கள் என்பதும்தான். அதை ஒரு நாய் பார்த்துக் கேள்வி கேட்கிறது.

அவருடைய 'கொலையுதிர் காலம்' பற்றியும் ஒரு வார்த்தை. பேயா, விஞ்ஞானமா என்று, அவர் கதைகளில் துப்பறிகிற இரண்டு வக்கீல்களில் வசந்த் ஒரு பக்கமும் கணேஷ் ஒரு பக்கமும் நிற்கிற கதை. கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தே முடித்துவிட்டார் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. நான் கோபப்படமாட்டேன். இரண்டு பக்கத்துக்கும் முதலிலிருந்தே வரவு எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். ஜமீன்தாரின் தம்பி மாதிரி எதுவும் கடைசியில் வரவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஐசக் அசிமோவின் 'இரும்புக் குகைகள்' 1954இல் புத்தகமாக வந்தது. விஞ்ஞானக் கதையும் துப்பறியும் கதையும் சேராது, கடைசியில் ஏதாவது ஒரு புதுக் கருவியைக் காட்டித் துப்பறிகிறவன் தப்பித்துக்கொள்வான் என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் சொன்னதற்குப் பதிலாக அதை எழுதினார். துப்பறிகிறவர் மனிதர், கூட்டாளி எந்திரம். எந்திரம் மனிதனுக்குத் தீங்கு செய்யக் கூடாது என்ற விதி முதலிலேயே நம் கையில் இருக்கிறது. விடை அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. பன்னிரண்டு வயதில் என் கையில் கிடைத்திருக்க வேண்டிய புத்தகம்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெரிய பெரிய நூல்களோடு, யாரும் குப்பை என்று தூக்கிப் போடும் நாவல், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் காலமான பின், சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் ஆனது. தமிழின் பழைய துப்பறியும் நாவல்களை ஆராய வேண்டும் என்றால் இன்று அங்கேதான் போகிறார்கள். உங்கள் வீட்டு மாடியிலும், பூட்டிக் கிடக்கும் பங்காளி வீட்டிலும் இப்படிப் பெட்டிகள் இருக்கும். இந்தப் பங்குனி போவதற்குள் ஒரு தடவை திறந்து பாருங்கள். செல் அரித்தது போக மிச்சம் இருப்பதை வெயில் படாத நிழலில் காயவைத்து, இந்த நூலகத்துக்குக் கொண்டுவாருங்கள். கடைசிப் பாரம் இல்லாவிட்டாலும் கொண்டுவாருங்கள், இன்னொரு வீட்டுப் பிரதியில் அது இருக்கும்.

பிள்ளைகளுக்காக என் சொந்தப் புத்தகம் பதினான்கை மேசைமேல் வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு நோட்டும் இருக்கிறது. பெயரை எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். திருப்பிக் கொடுக்கும்போது, பாதியில் நீங்கள் யாரைச் சந்தேகப்பட்டீர்கள் என்று பெயருக்கு நேரே எழுதிவிட்டுப் போங்கள். முடிவை மட்டும் எழுதாதீர்கள்.