இடுப்புப் பையில் ஒரு தோட்டா

வணக்கம். ஹூஸ்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். உங்களில் பாதிப்பேர் இப்போது காரில்தான் இருப்பீர்கள். நல்லதாகப் போயிற்று, நான் பேசப்போவதும் பெரும்பாலும் காரைப் பற்றித்தான்.

பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டது. ஒரு காலத்தில் நம் ஊரிலேயே ஆஸ்ட்ரோவேர்ல்ட் இருந்தது. 2005இல் அதை மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் ரோலர் கோஸ்டர் ஏற வேண்டும் என்றால் சான் அன்டோனியோ, இல்லையா ஆர்லிங்டன், அதுவும் போதாதென்றால் ஆர்லாண்டோ. இங்கிருந்து ஆர்லாண்டோ 960 மைல் சொச்சம். புளியோதரை கட்டிக்கொண்டு, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஐ-10இல் கிளம்பிவிடுகிறோம். நம்மில் சிலர், நான் உட்பட, இடுப்பில் கைத்துப்பாக்கியும் வைத்திருக்கிறோம். டெக்சாஸ் லைசென்ஸ், எல்லாம் முறைப்படிதான். அந்தத் துப்பாக்கியை வெளிமாநிலத் தீம் பார்க்குக்குக் கொண்டுபோவது பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. பல வருடமாக லைசென்ஸ் வைத்திருப்பவன், சனிக்கிழமைகளில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் சொல்லித்தருபவன், அவ்வளவுதான். சட்டம் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்புகிற வாரத்தில் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரேஞ்சில் நம் பையன்கள் அடிக்கடி கேட்பது இது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டரசுச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் இருந்தால் என்பதுபோல ஒன்றிரண்டு விலக்குகள் உண்டு, அவ்வளவுதான். கிரீன் கார்டு வந்துவிட்டால் அந்தத் தடை இல்லை. ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வரும் பெரியவர்களுக்கும் இதே விதிதான். என் மாமனார் வந்திருந்தபோது, "மாப்பிள்ளை, கையில குடுங்க, எம்புட்டு கனம்னு பாக்கலாம்" என்று ஆசையாகக் கேட்டார். கொடுக்கவில்லை. அவருக்கு வருத்தம்தான். ஆனால் அவருக்கு இதெல்லாம் புரியாமல் இல்லை. அவருடைய சித்தப்பா தோப்புக் காவலுக்கு ரெட்டைக்குழல் வைத்திருந்தவர். "தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைச்சுட்டு ரசீது வாங்கணும் மாப்பிள்ளை, லைசென்ஸ்னா சும்மாவா" என்றார்.

அதே மாமனாரோடு போன பயணத்தில்தான் எனக்கு அந்த அவமானம் நடந்தது. ஆர்லாண்டோவில் ஒரு பார்க். பெயர் வேண்டாம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு முழுக்க என்னுடையது.

காலையில் ஹோட்டல் அறையில் துப்பாக்கியைக் காலி செய்தேன். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றினேன். மேல்பாகத்தை, அதாவது ஸ்லைடை, இழுத்ததும் குழலின் அடியில் சேம்பரில் இருந்த தோட்டா உள்ளங்கையில் வந்து விழுந்தது. 9 எம்எம், சுண்டுவிரலில் பாதி நீளம்கூட இருக்காது. அந்த நேரம் பார்த்துச் சின்ன மகள் குளியலறைக்குள்ளிருந்து, "அப்பா, கதவு திறக்க மாட்டேங்குது" என்று கத்தினாள். பெட்டிக்குள் அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று தோட்டாவை இடுப்புப் பையின் முன்பக்க ஜிப்பில் போட்டேன். கதவைத் திறந்துவிட்டேன். தோட்டாவை மறந்துவிட்டேன். துப்பாக்கியைக் காரில் வைத்துப் பூட்டியது நினைவிருக்கிறது, இருமுறை இழுத்துப் பார்த்ததுகூட நினைவிருக்கிறது. அதனால்தான் அவ்வளவு தைரியமாக வரிசையில் போய் நின்றேன்.

இடுப்புப் பை எக்ஸ்-ரேக்குள் போனது. திரும்பி வரவில்லை. கையுறை போட்ட ஒரு அம்மா, நம் பெரியம்மா வயது இருக்கும், ஜிப்பைத் திறந்து அந்தத் தோட்டாவை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இது உங்களுடையதா, சார்?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை. எனக்குப் பின்னால் மிக்கி காது மாட்டிய குழந்தைகள், தள்ளுவண்டிகள், நாற்பது ஐம்பது பேர். மேலாளர் வந்தார், ஷெரிஃப் அலுவலகத்து அதிகாரி வந்தார், லைசென்ஸை வாங்கிப் பார்த்தார், வாக்கி-டாக்கியில் ஏதோ பேசினார். கடைசியில், காரில் வைத்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரே ஒரு தோட்டா. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஜூலை வெயிலில் டிராமில் ஏறி, கார் நின்ற வரிசையைத் தேடி, மறுபடி வந்து வரிசையில் நின்றதில் முக்கால்வாசிக் காலை போய்விட்டது.

மாமனார் குடையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "தீபாவளி வெடிய டவுசர் பையில வச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போன பய மாதிரி நிக்கிறீங்களே மாப்பிள்ளை" என்றார். மனைவி சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி பிள்ளைகள் தூங்கினதும், "என்னங்க, அடுத்த தடவை அதுவா நாங்களான்னு முடிவு பண்ணிக்கோங்க" என்றாள்.

இந்தக் கதையை ரேஞ்சில் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ. ஏன் சொல்கிறேன் என்றால், துப்பாக்கி உறைக்குள் இருக்கிறவரை ஒரு வம்பும் இல்லை, அதைத் தொடும்போதுதான் வம்பு. தீம் பார்க் என்பது ஒரே நாளில் நாலைந்து தடவை தொட வைக்கிற இடம். காலையில் மாட்ட வேண்டும், கார் நிறுத்துமிடத்தில் கழற்ற வேண்டும், ராத்திரி களைத்துப்போய்த் திரும்பும்போது மறுபடி மாட்ட வேண்டும், ஹோட்டலில் மறுபடி கழற்ற வேண்டும். நடுவில் யாராவது கத்துவார்கள்.

தொடாமல் அப்படியே உள்ளே கொண்டுபோனால் என்ன ஆகும் என்று கேட்பவர்களும் உண்டு. 2013 மே மாதம் ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் அனிமல் கிங்டத்தில் அதுதான் நடந்தது. அங்கே அப்போது டைனோசர் என்று ஒரு சவாரி இருந்தது, ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். பேரனோடு வந்த ஒரு பாட்டி சீட்டில் உட்காரப் போகிறார், அங்கே .380 பிஸ்டல் ஒன்று கிடக்கிறது. நிஜத் துப்பாக்கி, தோட்டா நிரப்பியது. அந்தம்மா அதை எடுத்துப் பணியாளிடம் கொடுத்தார். முந்தைய சவாரியில் வந்தவருடைய பையிலிருந்து விழுந்திருக்கிறது. அவரிடம் லைசென்ஸ் இருந்தது. பார்க்கில் தடை என்று தெரியாது என்றார். அந்தச் சீட்டில் பாட்டிக்கு முன்னால் பேரன் ஏறியிருந்தால்? நான் அதற்கு மேல் யோசிப்பதில்லை.

அப்போதெல்லாம் வாசலில் பையை மட்டும்தான் பார்த்தார்கள். 2015 டிசம்பரில் டிஸ்னி, யுனிவர்சல், சீவேர்ல்ட் மூன்றிலும் உலோகம் கண்டறியும் வாயில்கள் வந்தன. டிஸ்னி அதே சமயம் பொம்மைத் துப்பாக்கி விற்பதையும் நிறுத்தியது. பொம்மைக்கே இடமில்லாத இடத்தில் நம் லைசென்ஸைக் காட்டி என்ன பேசுவது?

"பார்க் போர்டு மாட்டினால் அது சட்டமா?" என்று கேட்பார்கள். மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டென்னசியில் முறையாக மாட்டிய போர்டுக்கே சட்ட பலம் உண்டு, அங்கே இருக்கும் டாலிவுட் தீம் பார்க்குக்குப் போகிறவர்கள் நினைவில் வைக்கவும். ஃப்ளோரிடாவில் போர்டு மட்டும் குற்றம் ஆகாது. ஆனால் வெளியே போகச் சொன்ன பிறகும் நின்றால் அத்துமீறல், இடுப்பில் துப்பாக்கியோடு நின்றால் அது ஃபெலனி, அதாவது கடுங்குற்றம். ஃபெலனி என்றால் அப்புறம் துப்பாக்கியும் கிடையாது, லைசென்ஸும் கிடையாது.

நம் டெக்சாஸ் சட்டம் இன்னும் வேடிக்கை. துப்பாக்கி கூடாத கேளிக்கைப் பூங்கா என்றால் என்ன என்று சட்டத்திலேயே அளந்து வைத்திருக்கிறார்கள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள கவுன்டியில், நம் ஊர் மாவட்டம் மாதிரி, இருக்க வேண்டும், குறைந்தது 75 ஏக்கர் இருக்க வேண்டும், வருடத்தில் 120 நாளுக்கு மேல் திறந்திருக்க வேண்டும், சுற்றி அடைத்துக் காவலர் நிற்க வேண்டும். ஆர்லிங்டன் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் இதில் வரும். கால்வெஸ்டன் கடற்கரையில் ராட்டினம் சுற்றுகிறதே, ப்ளெஷர் பியர், அது வராது, அந்தக் கவுன்டியில் அவ்வளவு பேரே இல்லை. அதற்காக அங்கே தாராளமாகப் போகலாம் என்று இல்லை. ஓர் அங்குல உயர எழுத்தில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், மறைத்துவைத்த துப்பாக்கியோடு வராதே என்று சொல்லும் 30.06 போர்டு இருக்கிறதா என்று வாசலில் பாருங்கள். நமக்கு முக்கியமான வரி அந்த விளக்கத்தின் கடைசியில் இருக்கிறது: கார் நிறுத்துமிடம் பூங்காவில் சேராது.

எல்லா ஊரிலும் அப்படி இல்லை. ஃப்ளோரிடாவில் 2008இல் ஒரு சட்டம் வந்தது. லைசென்ஸ் உள்ள ஊழியர் காரில் பூட்டிவைத்த துப்பாக்கியை முதலாளி தடுக்கக் கூடாது என்று. டிஸ்னி என்ன சொன்னது தெரியுமா? நாங்கள் தினமும் வாணவேடிக்கை விடுகிறோம், வெடிபொருள் பர்மிட் வைத்திருக்கிறோம், சட்டத்தில் அப்படிப்பட்டவர்களுக்கு விலக்கு இருக்கிறது, எங்களைக் கட்டுப்படுத்தாது என்றது! ராத்திரி கோட்டைக்கு மேலே பூப்பூவாய் வெடிக்கிறதே, அதைக் காட்டி. வாடிக்கையாளர் கார்களையும் சேர்த்திருந்த பகுதியை அதே வருடம் கூட்டரசு நீதிபதி ஒருவர் ரத்து செய்துவிட்டார். அதனால் கார் நிறுத்துமிடம் என்றாலே பாதுகாப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தந்தப் பார்க்கின் விதியைப் படியுங்கள், ஹோட்டல் அவர்களுடையது என்றால் அதன் விதியையும்.

சரி, சாலைக்கு வருகிறேன். ஐ-10 நம்மைக் கெடுத்து வைத்திருக்கிறது. டெக்சாஸ், லூயிசியானா, மிசிசிப்பி, அலபாமா, ஃப்ளோரிடா, ஐந்திலும் இப்போது லைசென்ஸ் இல்லாமலேகூட மறைத்து வைத்துக்கொள்ளலாம். அந்தப் பழக்கத்தில் அடுத்த கோடையில் எடிசனில் இருக்கும் மச்சான் வீட்டுக்குக் கிளம்புவோம். பிள்ளைகள் ஜாக்சன் என்ற ஊரில் இருக்கும் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் போகணும் என்பார்கள். அது நியூ ஜெர்சி. நியூ ஜெர்சி வேறு எந்த மாநில லைசென்ஸையும் ஏற்பதில்லை. 2013இல் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஒரு தாயை அங்கே சாலையில் நிறுத்தினார்கள். பென்சில்வேனியா லைசென்ஸ் இருக்கிறது, துப்பாக்கியும் இருக்கிறது என்று அந்தம்மாவே நேர்மையாகச் சொன்னார். கைது. அந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சம் 42 மாதம் சிறை. கடைசியில் சிறைக்குப் பதில் ஒரு மாற்றுத் திட்டத்தில் சேர்த்ததால் தப்பித்தார், 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பும் கொடுத்தார். எல்லோருக்கும் ஆளுநர் வருவாரா?

வழியில் அப்படிப்பட்ட மாநிலம் குறுக்கிட்டால் 1986ஆம் வருடக் கூட்டரசுச் சட்டம் ஒன்று துணைக்கு இருக்கிறது. கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் துப்பாக்கி உங்களுக்குச் சட்டப்படி அனுமதி என்றால், நடுவில் கடந்து போகலாம். தோட்டா இல்லாமல், கைக்கு எட்டாமல், டிக்கியில். டிக்கி தனியாக இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில். க்ளவ் பாக்ஸ், அதாவது முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் சின்ன அறை, கூடாது என்று அதில் தனியாகவே எழுதியிருக்கிறது. ஃப்ளோரிடாவில் பூட்டாத க்ளவ் பாக்ஸே போதும். ஒரே கார், ஒரே துப்பாக்கி, ஒரே க்ளவ் பாக்ஸ். எந்தச் சாலையில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து ஒன்று சரி, ஒன்று ஜெயில். அதிலும் இது கடந்து போவதற்கு மட்டும்தான். கிரேட் அட்வென்ச்சரில் இறங்கிவிட்டால் நீங்கள் கடந்து போகிறவர் இல்லை.

காரில் வைப்பது எப்படி என்று இப்போது சொல்லிவிடுகிறேன். புத்தகப் பருமனில் இரும்புப் பெட்டி ஒன்று கிடைக்கிறது, கூடவே முறுக்குக் கம்பிக் கயிறு. கயிற்றைச் சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தில் சுற்றி, அதன் காதைப் பெட்டிக்குள் விட்டு மூட வேண்டும். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள், கயிறு நசுங்கக் கூடாது. துப்பாக்கியை உறையிலிருந்து உருவாதீர்கள். உறையோடு சேர்த்துக் கழற்றி, அப்படியே பெட்டிக்குள் வையுங்கள். நான் செய்த மாதிரி காலி செய்ய வேண்டாம், விரல் ட்ரிகர் பக்கம் போகவே வேண்டாம். வழியில் காலி செய்தே ஆக வேண்டிய மாநிலம் வந்தால் அதைக் கிளம்பும் முன் வீட்டிலேயே செய்துவிடுங்கள். இதை பார்க் வாசலில் செய்யாதீர்கள். கடைசி கேஸ் ஸ்டேஷனிலேயே, பிள்ளைகள் சிப்ஸ் வாங்கப் போன நேரத்தில் முடித்துவிடுங்கள். பார்க்கில் கார் நிறுத்தியதும் குனிந்து எதையோ ஒளிப்பவரைத்தான் திருடன் பார்த்துக்கொண்டிருப்பான், நீங்கள் பத்து மணிநேரம் திரும்ப மாட்டீர்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். பம்பரில் துப்பாக்கி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள்.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்டால், பார்க் மட்டுமே என்றால் வீட்டு லாக்கரிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். ராத்திரியெல்லாம் ஓட்ட வேண்டிய பயணம் என்றால் எடுத்துப்போகிறேன், ஆனால் பார்க் நாள் காலையில் தொடுவதில்லை. முந்தின நாள் வைத்த பெட்டியிலேயே கிடக்கும். இடுப்புப் பையைத் தூக்கிப் போட்டாயிற்று.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம். விமானத்தைப் பற்றி விரிவாகப் பேச எடுத்து வைத்திருந்தேன், வேகமாகச் சொல்கிறேன். காலி செய்த துப்பாக்கி, கடினமான பெட்டி, பூட்டு, சாவி உங்களிடம். செக்-இன் கவுன்டரில் வாயால் சொல்ல வேண்டும், கையோடு எடுத்துப்போகும் பையில் கூடாது. தோட்டா அதன் அட்டைப் பெட்டியில். விமானம் எங்கே மாறுகிறது என்று டிக்கெட் போடும்போதே பாருங்கள். 2005இல் யூட்டாக்காரர் ஒருவர் பென்சில்வேனியா போகும் வழியில் நியூவர்க்கில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டார். பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ராத்திரி ஹோட்டலில் தங்கிவிட்டு மறுநாள் காலை கவுன்டரில் வந்து, என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று முறைப்படி சொன்னார். கைது செய்தார்கள். வழக்கைப் பிறகு கைவிட்டார்கள், ஆனால் அவர் போட்ட எதிர்வழக்கு 2010இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. ராத்திரி பெட்டி அவர் கைக்கு எட்டும்படி இருந்தது என்றது நீதிமன்றம். அதனால் நியூவர்க்கில் பெட்டியை நீட்டினால் வாங்காதீர்கள், விமான நிறுவனமே வைத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டு மாற்றுச் சட்டை இல்லாமல் ஹோட்டலுக்குப் போங்கள். விளக்கு சிவப்பாகிவிட்டது. நன்றி, வணக்கம்.