மீன் எண்ணெய் மாத்திரையும் மரபணுவும்: ஆஸ்துமா பற்றி ஒரு பேச்சு

எல்லோருக்கும் வணக்கம். ஆஸ்துமா பற்றிப் பேசும் இடமெல்லாம் கடைசியில் வருகிற ஒரு கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டால் இன்ஹேலரை விட்டுவிடலாமா? கூடாது. குழந்தைக்கு மாத்திரை ஆரம்பித்த கையோடு இன்ஹேலரைக் குறைக்கும் பெற்றோர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது, அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆனால் மீன் எண்ணெய் ஆஸ்துமாவுக்கு உதவலாம் என்ற யோசனை வெறும் விளம்பரத்தில் பிறந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். நம் உயிரணுக்களின் சவ்வில் அராகிடோனிக் அமிலம் என்று ஒரு கொழுப்பு இருக்கிறது. ஒவ்வாமையோ கிருமியோ தூண்டிவிட்டால் அது விடுபட்டு, 5-லிபாக்சிஜினேஸ் என்ற நொதியின் கையில் சிக்கி, லூகோட்ரையீன்களாக மாறுகிறது. இவைதான் மூச்சுக்குழலைச் சுற்றியுள்ள தசையை இறுக்கி, உள்சுவரை வீங்க வைத்து, சளியையும் பெருக்குகிற ஆட்கள். உங்களில் பலர் இரவில் போட்டுக்கொள்ளும் மாண்டெலுகாஸ்ட் இவை போய் ஒட்டும் இடத்தைத்தான் அடைக்கிறது. மீன் எண்ணெயில் இருக்கும் இபிஏ என்ற ஒமேகா-3 கொழுப்பும் அதே நொதியிடம்தான் போய் நிற்கிறது. ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர் போட்டி போடுவது போலத்தான். இபிஏ உட்கார்ந்துவிட்டால் உருவாகும் லூகோட்ரையீன்களில் வீரியம் குறைந்த வகை கூடும், அழற்சியும் தணியலாம். கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது!

சரி, மனிதர்களிடம் சோதித்தபோது என்ன ஆனது? விளையாட்டு வீரர்களுக்கு ஓடும்போது வரும் இளைப்பில் சில சிறிய ஆய்வுகள் நல்ல பலனைக் காட்டின. அன்றாட ஆஸ்துமாவில் கதை வேறு. அமெரிக்காவில் 12 முதல் 25 வயது வரை, உடல் எடை அதிகமாகவும் ஆஸ்துமா கட்டுக்குள் வராமலும் இருந்த 98 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு தினம் 4 கிராம் மீன் எண்ணெயும் மற்றவர்களுக்கு அதே மாதிரி தோற்றமுள்ள வேறு எண்ணெயும் ஆறு மாதம் கொடுத்தார்கள். 2019-இல் முடிவு வெளியானது. மீன் எண்ணெய் எடுத்தவர்களின் ரத்த வெள்ளணுக்களில் ஒமேகா-3 விகிதம் கூடியிருந்தது, அதாவது எண்ணெய் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் வித்தியாசமே இல்லை. ரத்தத்தில் ஒரு அளவு மாறுவது வேறு, இரவில் இளைக்காமல் தூங்குவது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதி விளம்பரங்கள் ஓடுகின்றன.

இங்கேதான் மரபணு வருகிறது. அந்த நொதியைச் செய்யும் மரபணுவின் பெயர் அலாக்ஸ்5. அதன் முகப்பில் ஆறெழுத்துத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலும் ஐந்து முறை, சிலருக்கு மூன்றோ நான்கோ ஆறோ. 1999-இல் வெளியான ஒரு ஆய்வில், இந்த நொதியையே தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது, அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் வந்த இரண்டு பிரதிகளிலும் ஐந்து இல்லாதவர்களுக்கு அது கிட்டத்தட்ட வேலையே செய்யவில்லை. ஒரே நோய், ஒரே மருந்து, ஆனால் பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அப்படியானால் மீன் எண்ணெயும் சிலருக்கு மட்டும் கேட்குமோ என்று சந்தேகப்பட்டது நியாயம்தான், அந்த 98 பேரிடமும் இதே மரபணுவைப் பார்த்தார்கள். எந்த வகை இருந்தாலும் எண்ணெயின் பலன் மாறவில்லை. ஆகவே மரபணுப் பரிசோதனை செய்து உங்களுக்கேற்ற ஒமேகா-3 தருகிறோம் என்று யாராவது விற்க வந்தால், ஆஸ்துமாவுக்காக அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

எனக்கு நம்பிக்கை தருவது வேறொரு பக்கம். டென்மார்க்கில் 736 கர்ப்பிணிகளில் ஒரு பாதிக்கு 24-ஆவது வாரத்திலிருந்து தினம் 2.4 கிராம் ஒமேகா-3 கொடுத்தார்கள், 2016-இல் முடிவு வந்தது. பிறந்த குழந்தைகளில் தொடர் வீசிங் அல்லது ஆஸ்துமா வந்தது 16.9 சதவீதம், மற்ற பாதியில் 23.7 சதவீதம். ஏற்கெனவே ரத்தத்தில் இபிஏவும், டிஎச்ஏ என்ற இன்னொரு ஒமேகா-3 கொழுப்பும் மிகக் குறைவாக இருந்த தாய்மார்களின் குழந்தைகளுக்குத்தான் பலன் அதிகம். அந்தக் குறைவுக்கு உணவு ஒரு காரணம், இந்தக் கொழுப்புகளை உடம்பே தயாரிக்க உதவும் ஃபாட்ஸ் மரபணுக்கள் இன்னொன்று. ஆளைப் பார்த்துக் கொடுப்பது என்ற எண்ணத்துக்கு உயிர் இருப்பது இந்த இடத்தில்தான். ஆனால் இது வராமல் தடுக்கும் முயற்சி, வந்த ஆஸ்துமாவுக்கு வைத்தியம் இல்லை. கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்காமல் இந்த அளவை எடுக்க வேண்டாம்.

அப்புறம், மாத்திரை டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் 1000 மில்லிகிராம் என்று பெரிதாக இருக்கும். அது மொத்த எண்ணெயின் எடை. பின்பக்கம் பொடி எழுத்தில் இபிஏ 180, டிஎச்ஏ 120 என்று இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 300தான். டென்மார்க் அளவை எட்ட இப்படி எட்டு மாத்திரை வேண்டும். வேறு காரணத்துக்காக எடுப்பவர்கள் எடுங்கள், ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இளைப்பு அடங்கவில்லை என்றால் அடுத்த முறை போகும்போது இன்ஹேலரைக் கையோடு கொண்டுபோய், அவர் கண் முன்னாலேயே ஒரு தடவை இழுத்துக் காட்டுங்கள். தப்பாக இழுப்பதால் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது, அதை அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.