ஒரே தீபாவளியில் 2 கிலோ ஏறிவிட்டதா?

[திரையில்: எடை மெஷின். 78.4 என்ற எண் 80.4 ஆகிறது.]

தீபாவளிக்கு மறுநாள் காலை எடை மெஷினில் ஏறினால் பலருக்கும் வயிற்றைக் கலக்கும். மாதக்கணக்கில் வாயைக் கட்டி, விடியற்காலையில் எழுந்து நடந்து குறைத்த எடையில் 2 கிலோ திரும்பி வந்து நிற்கும். "போச்சு, எல்லாம் வீண்" என்று அன்றைக்கே வாக்கிங் ஷூவை மூலையில் போடுகிறவர்கள் நிறையப் பேர். கொஞ்சம் பொறுங்கள், ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

[திரையில்: 1 கிலோ கொழுப்பு = சுமார் 7,700 கலோரி]

உடம்பில் 2 கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால், செலவானது போக சுமார் 15,400 கலோரி மிஞ்ச வேண்டும். ஒரு லட்டுக்கு 200 கலோரி என்று வைத்தால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் 77 லட்டு! அவ்வளவு யாரும் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அப்படியானால் ஏறியது என்ன? பெரும்பாலும் தண்ணீர். சோறும் இனிப்பும் அதிகமானால் உடம்பு அதில் ஒரு பகுதியைக் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாக்கி ஈரலிலும் தசையிலும் வைத்துக்கொள்ளும். ஒரு கிராம் கிளைகோஜன் சுமார் 3 கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைத்துக்கொள்ளும். முறுக்கு, மிக்சரில் உள்ள உப்பு இன்னும் கொஞ்சம் நீரைத் தேக்கும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாட்களில் இதில் பெரும்பகுதி இறங்கிவிடும். டயட் தொடங்கிய முதல் வாரம் மளமளவென்று குறைந்ததே, அதிலும் பெரும்பங்கு இதே தண்ணீர்தான். அப்போது மட்டும் யாரும் மெஷினைச் சந்தேகப்படுவதில்லை.

[திரையில்: ஒரு மில்க்ஷேக், பக்கத்தில் ஐஸ்க்ரீம் கிண்ணங்கள்]

சரி, ஆபத்து எங்கே? அந்தப் "போச்சு"வில்தான்.

1975-இல் ஹெர்மன், மேக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவிகளை ஐஸ்க்ரீம் ருசி பார்க்க அழைத்தார்கள். அதற்கு முன் சிலருக்கு மில்க்ஷேக் கொடுத்தார்கள், சிலருக்கு ஒன்றும் தரவில்லை. டயட் பற்றிக் கவலைப்படாதவர்கள், மில்க்ஷேக் குடித்திருந்தால் ஐஸ்க்ரீமைக் குறைவாகவே தொட்டார்கள். வயிறு நிறைந்துவிட்டதே! சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருந்தவர்களோ மில்க்ஷேக் குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்ற கதைதான். ஒரு லட்டு டயட்டைக் கெடுப்பதில்லை. "இனி திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று நடுவில் போகும் நான்கைந்து நாட்கள் கெடுக்கும்.

நடைப்பயிற்சிக்கும் இது பொருந்தும். புதுப் பழக்கம் எப்படிப் படிகிறது என்று லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிதாக எதையும் பாதிக்கவில்லை. "21 நாள் சவால்" வீடியோக்களில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

[திரையில்: தையல் டேப், ஒரு காலண்டர்]

அதனால் மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள். மாலைக்குள் அந்தப் பசி பழிவாங்கிவிடும். எப்போதும் போல இட்லி சாம்பார், எப்போதும் போகும் நேரத்தில் நடை. முடியவில்லையா, 15 நிமிடம் போதும். எடையை நான்கு நாள் கழித்துப் பாருங்கள், இடுப்பை டேப் வைத்து மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள்.

அப்புறம், சில மாதங்களில் எடை அப்படியே நின்றுவிடும். எடை குறைந்த உடம்புக்குச் செலவும் குறைவு. 85 கிலோவில் உங்களை இளைக்க வைத்த அதே சாப்பாடு 78-இல் வெறுமனே தாக்குப்பிடிக்கும். அந்தக் கட்டத்தில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து முட்டை, சுண்டல் சேர்ப்பதும், வாரம் இரண்டு நாள் எடை தூக்குவதும் உதவும்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் எடை ஏறிக்கொண்டே போகிறதா? கூடவே சோர்வு, மலச்சிக்கல், மாதவிடாய்க் கோளாறு ஏதாவது இருக்கிறதா? உங்கள் மனஉறுதியைத் திட்டுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். தைராய்டு குறைவு, பிசிஓஎஸ் (பெண்களுக்கு வரும் ஹார்மோன் கோளாறு), ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகள் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.