உங்கள் காலுக்குள் ஒருவர் மூட்டை தூக்கி நடக்கிறார்!

வணக்கம். கால் கட்டைவிரலைக் கொஞ்சம் மடக்குங்கள். மடக்கியாச்சா? பாதத்துக்குள் இருக்கிற தசையை இயக்கும் நரம்புச் செல்லின் தலைப்பகுதி எங்கே இருக்கிறது தெரியுமா? முதுகுத்தண்டில், இடுப்புக்குச் சற்று மேலே! அங்கிருந்து பாதம் வரை ஒரே செல்லின் வால். கிட்டத்தட்ட ஒரு மீட்டர்.

வாலின் நுனிக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி மேலேதான் தயாராகிறது. கீழே யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

[திரையில்: இரண்டு கால், தலைக்கு மேல் ஒரு பெரிய மூட்டை]

இவர்தான். பெயர் கைனசின். இவரும் ஒரு புரதம்தான்.

பாடப்புத்தகப் பகுதியை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன், தூங்கிவிடாதீர்கள். செல்லுக்குள் சைட்டோஸ்கெலிட்டன் என்று ஒரு சட்டகம் உண்டு. அதில் மூன்று வகை இழைகள். 7 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் துண்டாக்கினால் ஒரு துண்டுதான் ஒரு நானோமீட்டர்) தடிமனுள்ள ஆக்டின், செல்லின் உருவத்தையும் நகர்வையும் கவனிக்கிறது. 10 நானோமீட்டர் உள்ள இடைநிலை இழை, இழுவை தாங்கும் கயிறு. நம் முடியும் நகமும் இந்தக் குடும்பத்துக் கெரட்டின்தான். 25 நானோமீட்டரில் நுண்குழல்; கைனசினுக்கு ரோடு அதுதான். தியரி முடிந்தது!

இப்போது நடையைப் பாருங்கள். ஓர் அடிக்கு 8 நானோமீட்டர். ஓர் அடிக்கு, செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவு; கடன் கிடையாது. ஒரு கால் ஊன்றியிருக்கும்போதுதான் மற்றது எழும். பின்கால் முன்னால் வரும், அது ஊன்றியதும் அடுத்தது கிளம்பும். அசல் நம்ம நடைதான். வினாடிக்குச் சுமார் 100 அடி. நான் ஒரு தாளில் கணக்குப் போட்டேன்: ஒரு மீட்டருக்கு 12 கோடியே 50 லட்சம் அடி. இந்த வேகத்தில் நிற்காமல் நடந்தாலும் இரண்டு வாரம்! பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களே அசந்துபோவார்கள்.

ஆனால் ஒரே ஆள் அவ்வளவு தூரம் போவதில்லை. நூறு அடி அளவில் பிடி நழுவி விழுந்துவிடுவார். அதனால் ஒரு மூட்டைக்குப் பல ஆட்கள். அதே மூட்டையில் எதிர்த்திசைக்கு இழுக்கிற டைனீன் என்கிற ஆளும் தொங்கிக்கொண்டிருப்பார். யாருடைய கை ஓங்குகிறதோ அந்தப் பக்கம் வண்டி ஓடும். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி குழப்பம், ஆனால் இலைக்குச் சோறு வந்துவிடுகிறது.

1985-ல் கைனசினைக் கண்டுபிடிக்கக் கைகொடுத்தது கடலில் வாழும் கணவாய் மீன். அதன் ராட்சத நரம்பு அவ்வளவு தடிமன். பிதுக்கி உள்ளிருப்பதை வெளியே எடுத்துவிடலாம்.

எனக்கு ஒரு குறை. ‘ஸ்கெலிட்டன்’ என்று பெயர் வைத்தவர் நம்மைத் திசைதிருப்பிவிட்டார். எலும்புக்கூடு என்றால் அப்படியே நிற்கும். இது கட்டடத்துக்குப் போடுகிற சாரம் மாதிரி. நுண்குழல் ஒரு முனையில் வளரும், திடீரென்று மளமளவென்று உதிரும், மறுபடி வளரும். செல் பிரியும்போது பழைய சாரத்தைக் கலைத்து, குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கப் புதுசாகக் கட்டும்.

அந்தக் கட்டுமானத்தை நிறுத்தினால்? அதைச் செய்கிற செடி நம் வேலியிலேயே இருக்கிறது: செங்காந்தள், நம் மாநில மலர். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பந்தல் போட்டு வளர்ப்பது பூவுக்காக இல்லை, விதைக்காக. அதிலுள்ள கோல்ச்சிசின் என்கிற பொருள், நுண்குழலின் செங்கல்லான டியூபுலினைப் பிடித்துக்கொள்ளும். குழல் வளராது. கிழங்கைத் தின்றால் வேகமாகப் பிரியும் செல்கள் மாட்டிக்கொள்ளும்; எலும்பு மஜ்ஜை அடிவாங்கும், பிழைத்தவர்களுக்கும் முடி கொட்டும், உயிரே போகலாம். அதே கோல்ச்சிசின், மிகச் சிறிய அளவில் கவுட் மூட்டுவலிக்கு மருந்து: வீங்கிய மூட்டுப் பகுதியை நோக்கி வெள்ளை அணுக்கள் படையெடுப்பதை மட்டுப்படுத்துகிறது. மருந்துக்கும் விஷத்துக்கும் இடையே தூரம் குறைவு, வீட்டில் யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்!

உங்கள் ஊரில் இந்தச் செடிக்கு என்ன பெயர்? கலப்பைக்கிழங்கா, கார்த்திகைப்பூவா? கமென்ட்டில் எழுதுங்கள். விதை பறித்த அனுபவம் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.